குதிரைத் தோலில் எழும் கட்டிகள்: அலவத்துகொடைக் குறிப்புகள்

அலவத்துகொடைப் பக்கம் மாடு வளர்த்துப் பழகியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். குதிரை வளர்த்துப் பழகியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதனால் ஒரு குதிரையின் உடம்பில் மருவோ கட்டியோ எழுந்தால், மாட்டுக்குச் செய்ததையே அதற்கும் செய்யப் பார்க்கிறோம்: நூலால் இறுக்கிக் கட்டுவது, எருக்கம்பால் வைப்பது, மயில்துத்தம் தடவுவது, சவர அலகால் சீவிவிடுவது. மாட்டில் இவற்றில் பல பெரிய தீங்கில்லாமல் கழிந்துபோகும். குதிரையில் அப்படிப் போகாது. இந்தக் குறிப்பேட்டில் நான் சேர்த்து வைப்பதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

*

இங்கே வரும் குதிரைகளில் பல நுவரெலியாவிலிருந்து இறங்கி வந்தவை. அங்குள்ள பந்தயத் திடல் 1875இல் தொடங்கியது. இன்றும் ஏப்ரல் வசந்த காலத்தில் ஆளுநர் கிண்ணத்துக்கான ஓட்டம்தான் அந்த ஊரின் பெரிய நாள். கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் மட்டக்குதிரைகள் ஆண்டு முழுவதும் நிற்கின்றன. ஓடி முடித்த குதிரையும் வயதுபோன மட்டக்குதிரையும் கைமாறிக் கைமாறிக் கண்டிப் பக்கத்து வளவுகளுக்கு வந்து சேர்கின்றன. பிள்ளைகளின் ஆசைக்காக ஒருவர் வாங்குகிறார். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட இன்னொருவர் வாங்குகிறார். இருவரும் அதை மாட்டுப்பட்டிக்குப் பக்கத்திலேயே கட்டுகிறார்கள். அதே கினிப் புல், அதே தண்ணீர்த் தொட்டி, அதே இலையான்.

*

ரொபர்ட் நொக்ஸ் 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் பிடிபட்டுக் கிடந்தவர். 1681இல் வந்த அவருடைய நூலில் இந்த நாட்டு மிருகங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்: மாடு, எருமை, பன்றி, ஆடு, மான், யானை. பிறகு, குதிரையும் கழுதையும் செம்மறியும் இங்கே இல்லை என்று எழுதுகிறார். அரசனுடைய லாயத்தில் வெளியிலிருந்து வந்தவை நின்றிருக்கலாம். குடியானவர் வீட்டில் இல்லை. மாட்டுக்கும் யானைக்கும் இந்த மலைநாட்டில் ஏட்டு வைத்தியமும் கைவைத்தியமும் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. குதிரைக்கு அப்படி ஒரு கை வளர இடமே இருக்கவில்லை.

*

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரேபியாவிலிருந்தும் ஹொர்முசிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். வந்தவை நெடுநாள் தங்கவில்லை என்கிறார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. வேகவைத்த சோறும் இறைச்சியும் தின்னக் கொடுத்தார்கள். குதிரை வைத்தியம் தெரிந்த எவரையும் அந்தப் பக்கம் போகவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்.

குதிரைநூல்கள் இல்லாமலும் இல்லை. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரச் சுவடி படங்களோடு இருக்கிறது. நூல் அரண்மனையில் இருந்தது. லாயத்தில் நின்ற ஆளின் கைக்கு அது வரவில்லை.

*

இனி விஷயத்துக்கு வருவோம். உலகம் முழுவதும் குதிரையின் தோலில் மிக அதிகமாகக் காணப்படும் கட்டி சார்காய்டு. தென்னாபிரிக்காவில் ஜாக்சன் என்ற மிருக வைத்தியர் 1936இல் அதைத் தனி நோயாக விவரித்துப் பெயரிட்டார். பொதுவாக மூன்று முதல் ஆறு வயதுக்குள் முதல் முறை தலைகாட்டும். கண்ணிமை, காதடி, வாயோரம், நெஞ்சு, முன்தொடையின் உட்பக்கம், அடிவயிறு, பின்தொடையிடுக்கு ஆகியவை அது விரும்பும் இடங்கள். முடி குறைந்து தோல் மெலிந்திருக்கும் இடங்கள்.

அதற்கு ஆறு தோற்றம் சொல்கிறார்கள். நினைவில் வைக்க வேண்டியவை:

முடி உதிர்ந்து, சாம்பல் பூத்த மாதிரி, தட்டையாக வட்டமாக இருப்பது. படர்தாமரை என்றே நினைக்கத் தோன்றும்.

மரு போல் சொரசொரத்து, செதில் உதிர்வது.

தோலுக்கடியில் உருண்டையாக, விரலால் பிடித்தால் வழுக்கி நகர்வது. கண்ணிமையிலும் தொடையிடுக்கிலும் அதிகம்.

சிவந்த பச்சைச் சதையாகப் பிதுங்கி, தொட்டால் இரத்தம் கசிவது. காயம் பட்ட இடத்திலும், முன்பு யாரோ கைவைத்த கட்டியிலும் இது எழும்.

இவை கலந்து வருவது ஐந்தாவது. ஆறாவது, தோலுக்கடியில் கொத்துக் கொத்தாகப் பரவும் கொடிய வகை, அது அரிது.

உள்ளுறுப்புகளுக்கு இது பரவுவதில்லை. குதிரையைக் கொல்வதும் அநேகமாக இல்லை. ஆனால் சேணப்பட்டி உராயும் இடத்தில் வந்தால் குதிரையின் வேலை முடிந்தது. கண்ணிமையில் வந்தால் கண்ணுக்கே ஆபத்து.

*

இந்தக் கட்டி எங்கிருந்து வருகிறது என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்து யோசிக்க வேண்டியிருந்தது. மாட்டிலிருந்து வருகிறது.

மாட்டுக்கு மரு உண்டாக்குவது பப்பிலோமா வைரஸ். அதில் முதலாம், இரண்டாம் வகைகளே குதிரையின் சார்காய்டிலும் இருக்கின்றன. 1951இல் ஓல்சன், குக் என்ற இருவர் மாட்டு மருவை அரைத்தெடுத்த சாற்றைக் குதிரைத் தோலில் செலுத்தி, சார்காய்டு போன்ற கட்டிகளை எழச் செய்து காட்டினார்கள். பின்னால் வந்த மரபணுச் சோதனைகள் அதையே உறுதி செய்தன.

மாட்டில் அந்த வைரஸ் தோலின் மேலடுக்கில் குடியிருந்து, தன்னைப் பெருக்கி, மருவாக எழும். மாட்டின் உடம்பு அதை அடையாளம் கண்டதும் மரு காய்ந்து விழுந்துவிடும். பல மாதங்கள் எடுக்கும், அவ்வளவுதான். குதிரையில் அது தோலின் அடியடுக்குக்குள், நார்த்திசுவை உண்டாக்கும் உயிரணுக்களுக்குள் போய்விடுகிறது. அங்கே முழு வைரஸாகப் பெருகுவதில்லை. தன் மரபணுவை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த உயிரணுக்களை ஓயாமல் வளரச் செய்கிறது. குதிரையின் எதிர்ப்புச் சக்தியின் கண்ணிலிருந்து அவற்றை மறைத்தும் வைக்கிறது. மாட்டில் தானாக விழும் மரு, குதிரையில் பெரும்பாலும் அப்படி விழாமல் நின்றுவிடுவது இதனால்தான்.

ஒரே வைரஸ்தான். உடம்பு வேறானதும் அதன் போக்கும் வேறாகிவிடுகிறது. மாட்டில் கற்றதைக் குதிரையில் அப்படியே செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

*

மாட்டு மரு எப்படிக் குதிரைக்குப் போகிறது? இலையான்மேல் பலமான சந்தேகம் இருக்கிறது. சார்காய்டில் வந்து மொய்க்கும் இலையானிடத்தில் இந்த வைரஸின் மரபணு கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. ஒரே தூரிகை, ஒரே கயிறு, மாடு உராய்ந்த கம்பத்திலேயே குதிரையும் உராய்வது ஆகியவையும் வழிகள்தான். வைரஸ் பட்ட எல்லாக் குதிரைக்கும் கட்டி வருவதில்லை. சில வம்சங்களுக்கு எளிதில் வருகிறது. சிலவற்றுக்கு வருவதேயில்லை என்று சொல்லலாம். பரம்பரைக்கு இதில் பங்குண்டு. எனவே சார்காய்டு உள்ள குதிரையை ஊரைவிட்டு ஒதுக்க வேண்டியதில்லை. மரு உள்ள கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில், உடம்பில் காயத்தோடு நிற்கும் குதிரையைக் கட்டாமல் இருந்தால் போதும்.

*

கத்தியைப் பற்றி ஒரு குறிப்பு. சார்காய்டை வெறுமனே அறுத்தெடுத்தால் போதாது. பாதிக்குப் பாதி திரும்பி வந்த ஆய்வுகள் இருக்கின்றன; வருவதானால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள்ளேயே வந்துவிடும், முன்னதைவிட மூர்க்கமாகவும் வரும். கண்ணுக்கு நல்ல தோலாகத் தெரியும் விளிம்பிலும் வைரஸ் இருப்பதே காரணம். அதனால்தான் அறுப்பவர்கள் சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து எடுக்கிறார்கள், லேசரால் அறுக்கிறார்கள், உறைய வைக்கிறார்கள், கட்டிக்குள் சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுகிறார்கள். துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்புவதைக்கூட, அடுத்த சிகிச்சை தயாராக இல்லாவிட்டால் அவசரமாகச் செய்வதில்லை. கிள்ளிய சார்காய்டு விழித்துக்கொள்ளும்.

படித்த வைத்தியர் இவ்வளவு யோசிக்கும் இடத்தில்தான் நாம் சவர அலகைத் தூக்குகிறோம்.

*

ஏற்புவலி. இதைத் தனியாக எழுதி, கீழே கோடிட்டு வைத்திருக்கிறேன்.

வளர்ப்பு மிருகங்களில் ஏற்புவலிக் கிருமியின் நஞ்சுக்கு மிக எளிதில் இரையாவது குதிரை. மாடு அதை நன்றாகத் தாங்கும். அந்தக் கிருமியின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் குதிரையின் இலத்தியிலும் கிடக்கின்றன. காற்றுப் புகாத, செத்த சதையில் அவை முளைக்கும். ஒரு மருவை நூலால் இறுக்கிக் கட்டி அழுகவிடுவது, அந்தக் கிருமிக்கு வேண்டிய அத்தனையையும் நாமே செய்து கொடுப்பதாகும். மாட்டில் நூறு முறை கட்டிப் பழகியவர் குதிரையில் ஒருமுறை கட்டி, இரண்டு மூன்று வாரத்தில் தாடை இறுகிக் கால் விறைத்த குதிரையைப் பார்க்க நேரலாம். அந்த நிலைக்கு வந்தபின் காப்பாற்றுவது கடினம். தடுப்பூசியோ மலிவானது, நன்றாக வேலை செய்வது.

*

அக்குறணைப் பக்கம் குதிரை வைத்திருக்கும் நானா ஒருவர். காதுக்குப் பின்னால், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, காம்பு விட்டுத் தொங்குகிறது. நூலோடு நிற்கிறார்.

“நானா, கட்டுறதுக்கு முன்னுக்கு ஒருக்கா டொக்டருக்குக் காட்டுவோமே.”

“மாட்டுக்கு எத்தன தரம் கட்டியிருக்கன் தம்பி. ஒண்டும் நடக்கல்லயே.”

“இது மாடில்லயே நானா. ஏற்புவலி ஊசி போட்டிருக்கா?”

போடவில்லை. படமெடுத்து அனுப்பினோம், வைத்தியர் வந்தார். விரலால் அடியைத் தடவிப் பார்த்து, தோலுக்குள் வேர் விடவில்லை என்று உறுதி செய்துகொண்டார். முதலில் ஊசி போட்டார். பிறகு அவரும் கட்டத்தான் செய்தார். ஆட்டுக்கடா காயடிக்கும் ரப்பர் வளையத்தால். கட்டி காய்ந்து விழுந்தது.

நானா அதற்குப் பிறகு எல்லோரிடமும் சொல்கிறார், தான் நினைத்ததுதான் சரியென்று. அவர் நினைத்த முறை சரிதான். அடியில் வேர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், முதலில் தடுப்பூசி போடுவதும்தான் அதில் குறைந்திருந்தன. குதிரையின் உயிர் அந்த இரண்டில்தான் இருந்தது.

*

மழைக்காலத்துப் புண். சார்காய்டு என்று நினைத்து ஏமாறுவது இதில்தான் அதிகம்.

குதிரையின் வயிற்றில் ஹப்ரோனீமா என்ற புழு வாழும். அதன் முட்டையும் குஞ்சும் இலத்தியோடு வெளியே வரும். இலையானின் புழுக்கள் அந்த இலத்தியில் வளரும்போது அவற்றை விழுங்கும். இலையான் பறக்கத் தொடங்கியதும் குஞ்சுகளையும் சுமந்துகொண்டு போகும். குதிரையின் உதட்டோரம் உட்கார்ந்தால் குஞ்சு இறங்கி வாய்க்குள் போய் வயிற்றை அடையும், வட்டம் முடியும். புண்ணிலோ கண்ணோரத்திலோ ஆண்குறியின் உறையிலோ உட்கார்ந்தால், இறங்கிய குஞ்சு வழி தவறி அந்தச் சதைக்குள்ளேயே கிடக்கும். அங்கே சதை பிதுங்கிச் சிவந்து வளரும், அரிக்கும், ஆறாது. பிதுக்கினால் குறுணை அரிசி போல் மஞ்சள் மணிகள் வரும். அந்த மணிகள்தான் அடையாளம்.

இந்தப் புண்ணை இந்தியாவில் பழைய படைக் குதிரை வைத்தியர்கள் மழைக்கால நோயாகவே பதிவு செய்தார்கள். மழை வரும், இலையான் பெருகும், புண் எழும். மழை ஓய்ந்தால் தானாக அடங்கும். அடுத்த மழையில் அதே இடத்தில் திரும்ப எழும்.

இதற்குக் கத்தி தேவையில்லை. வைத்தியர் சொல்லும் அளவில் ஐவர்மெக்டின் குதிரைப் பசையை வாயால் கொடுத்து, அழற்சிக்கு மருந்திட்டு, புண்ணை மூடி இலையானை விலக்கினால் ஆறிவிடும். வெப்பமான நாளில் முட்டையிலிருந்து இலையானாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். எனவே வாரத்துக்கு இரண்டு முறையாவது லாயத்து இலத்தியையும் மூத்திரம் ஊறிய வைக்கோலையும் அப்புறப்படுத்துவது பாதி வைத்தியம்.

*

மஞ்சள் மணி வரும் இன்னொன்றும் இருக்கிறது, அது விளையாட்டல்ல. பித்தியம் என்ற நீர்வாழ் உயிரி. பூஞ்சணம் போலத் தெரியும், பூஞ்சணமல்ல. தேங்கிய தண்ணீரில் நீந்தும் அதன் வித்துக்கள், முழங்கால் அளவு சேற்றில் நிற்கும் குதிரையின் காலிலுள்ள சிறு கீறலைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். தாய்லாந்து, பிரேசில், இந்தியா என்று வெப்பமும் வெள்ளமும் சேரும் நாடுகளில் உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் உள்ளங்கை அளவுப் புண், பவளக் கொத்து மாதிரியான மஞ்சள் துண்டுகள், நூல் நூலாக வடியும் நீர், குதிரை தன் காலையே கடிக்கும் அளவுக்கு அரிப்பு. சாதாரணப் பூஞ்சண மருந்துகள் இதற்குச் சரிவரக் கேட்பதில்லை. இந்த ஒன்றில் மட்டும் பொறுத்திருந்து பார்ப்பது தவறு. சீக்கிரம் முழுதாக அறுத்தெடுத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணை நகரம் மூழ்கும் நாட்களுக்குப் பிறகு, வயலோரத்தில் மேயவிட்ட குதிரையின் நாலு காலையும் கழுவித் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. தேங்கிய தண்ணீரும் சதை வளர்ச்சியும் சேர்ந்து வருவது இந்த நாட்டுக்குப் புதிதுமல்ல. குளத்துத் தண்ணீரோடு தொடர்புபட்டு மனிதர் மூக்கில் சதை வளரும் ரைனோஸ்போரிடியோசிஸ் நோயை, பேராதனை மருத்துவ பீடத்தில் பேராசிரியர் அர்சகுலரத்ன நெடுங்காலம் ஆராய்ந்தார். அந்த நோய் மாட்டுக்கும் குதிரைக்கும்கூட வரும்.

*

இரண்டு வயதுக் குட்டி. மூக்கிலும் உதட்டிலும் சின்னச் சின்ன மருக்கள், பூக்கோவாப் பூப்போல நெருக்கமாக. இது குதிரைக்கே உரிய பப்பிலோமா வைரஸ், மாட்டினுடையது அல்ல. மூன்று நான்கு மாதத்தில், மிஞ்சினால் ஒன்பது மாதத்தில், தானாகப் போய்விடும். கடிவாளத்தையும் தண்ணீர் வாளியையும் மற்றக் குட்டிகளோடு பகிராமல் இருந்தால் போதும். கையை வைக்காதே என்பதே இதற்கு மருந்து.

காதின் உட்பக்கத்தில் வெள்ளைத் தகடு ஒட்டினாற்போல் இருப்பதும் வைரஸ்தான். அது போகாது, தீங்கும் செய்யாது. சுரண்டினால் குதிரைக்கு வலிக்கும், அன்றிலிருந்து காதைத் தொடவே விடாது.

*

வெள்ளைக் குதிரை. கல்யாண ஊர்வலத்துக்கு எல்லோரும் கேட்பது இதைத்தான். பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுக்காண்டு நரைத்து வெளுக்கும் குதிரை. 2008இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் தலைமையிலான குழு இந்த நரையின் காரணத்தைக் கண்டுபிடித்தது: எஸ்டிஎக்ஸ்17 என்ற மரபணுவுக்குள் 4,600 எழுத்து நீளமான ஒரு துண்டு இரட்டித்திருக்கிறது. நரைத்த எல்லாக் குதிரைகளிலும் இது இருப்பதால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையிலிருந்தே இவை அத்தனையும் வந்திருக்க வேண்டும். அதே துண்டுதான் மெலனோமா என்ற கறுப்புக் கட்டிகளுக்கும் வழி திறக்கிறது. 15 வயதைக் கடந்த நரைக்குதிரைகளில் பத்தில் எட்டுக்கு அவை வந்துவிடும் என்பது கணக்கு.

வாலின் அடிப்பக்கம், ஆசனவாயைச் சுற்றி, உதடு, தாடைக்குப் பின்னால்: இந்த இடங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். உருண்டையாக, கறுப்பாக, கடினமாக இருக்கும். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்து, பிறகு சில வேகம் பிடிக்கும். சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது என்பது இப்போதைய எண்ணம். வெள்ளைக் குதிரை வாங்கப் போகிறவர் வாலைத் தூக்கிப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

*

கட்டி அல்லாத கட்டிகளும் உண்டு. சேணத்துக்கு அடியில் கடலை அளவில், மேலே முடி உதிராமல், வலியில்லாமல் இருக்கும் முடிச்சுகள் பெரும்பாலும் பூச்சிக்கடியின் விளைவு. உராயாவிட்டால் விட்டுவிடலாம். படர்தாமரை சில வாரத்தில் பரவி, பிறகு ஆறி, முடி முளைக்கும். தட்டைச் சார்காய்டு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கீழ்க்காலில் பட்ட காயத்தில் சதை பொங்கி வருவது குதிரையின் உடல்வாகு; ஆனால் அது மாதக்கணக்கில் ஆறாவிட்டால் உள்ளே சார்காய்டோ புழுவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயது போன ஆண்குதிரையின் குறியில், உறைக்குள், கோழிக்கொண்டை மாதிரி வளர்வது புற்றாக இருக்கலாம். கண்ணைச் சுற்றிய இளஞ்சிவப்புத் தோலில் வெயில்பட்டு வருவதும் அதே வகை. இவற்றில் நாள் கடத்தக்கூடாது.

*

2020இன் இறுதியில் வடக்கில் தொடங்கி, மாடுகளின் தோல் கழலை நோய் இந்தத் தீவுக்குள் நுழைந்தது. உடம்பெல்லாம் முடிச்சு முடிச்சாக நின்ற மாடுகளை எல்லோரும் பார்த்தோம். அதன்பிறகு குதிரையில் ஒரு முடிச்சைக் கண்டாலே அந்த நோய்தான் என்று பயப்படுகிறார்கள். அது மாட்டுக்கும் எருமைக்கும் வரும் நோய், குதிரைக்கு வராது. குதிரையின் முடிச்சுக்குக் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

*

மாட்டுக்கு நல்லதும் குதிரைக்கு ஆகாததுமான பட்டியல். லாயத்துச் சுவரில் ஒட்டுவதற்காக எழுதியது.

அமித்ராஸ்: மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்து. குதிரைமேல் தெளித்தால் குடல் இயக்கம் நின்று, அடைத்து, வயிற்றுவலியில் உருளும்.

மொனென்சின்: கோழித் தீனியிலும் சில மாட்டுத் தீனிகளிலும் கலப்பது. குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துக் கொல்லும். மிகச் சிறிய அளவே போதும். கோழித் தீனி மிச்சத்தைக் குதிரைக்குப் போடக்கூடாது.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி: குதிரையின் சதையில் போட்டால் அந்த இடம் கெட்டு உயிராபத்து வரை போகலாம். குதிரைக்கு வாய்ப்பசைதான்.

*

நம்மில் அநேகமாக எல்லோருக்கும் பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு கையில் இருக்கிறது. காசநோய்க்கு எதிரான அதே மருந்தைக் கண்ணிமைச் சார்காய்டுக்குள் ஏற்றுகிறார்கள். குதிரையின் எதிர்ப்புச் சக்தி அந்த இடத்துக்கு ஓடிவந்து, இதுவரை காணாமல் விட்ட கட்டியையும் கண்டு தாக்கும் என்பது கணக்கு. கண்ணைச் சுற்றிய உருண்டைக் கட்டிகளில் நன்றாகக் கேட்கிறது. காலில் அவ்வளவாகக் கேட்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது ஊசிகளில் உடம்பு அதிர்ந்து சாயும் ஆபத்து உண்டு. அதனால் முன்மருந்து கொடுத்து, வைத்தியர் பக்கத்தில் நின்றுதான் செய்கிறார்கள்.

கண்ணிமையில் களிம்பு பூசவே கூடாது. இணையத்தில் விற்கும் கறுப்புக் களிம்புகள் தோலை எரித்துத் தின்பவை. அவற்றுக்குக் கட்டி எது, இமை எது என்று தெரியாது. வைத்தியர்கள் பயன்படுத்தும் கடும் களிம்புகளும் இருக்கின்றன. பூசும் இடம், நாள், அளவு எல்லாம் தெரிந்த கைதான் அவற்றைப் பூச வேண்டும்.

*

கட்டியைக் கண்ட அன்று செய்ய வேண்டியவை.

ஒரு இருபது ரூபாய்க் காசைப் பக்கத்தில் பிடித்துப் படமெடுக்கவும். அருகிலிருந்து ஒன்று, உடம்பின் எந்த இடம் என்று தெரிய ஒன்று. திகதி போடவும்.

குதிரையின் இரண்டு பக்கத்தையும் தாளில் வரைந்து கட்டிகளைக் குறிக்கவும். ஒன்றைக் கண்டால் இன்னொன்று எங்கேயோ இருக்கும். வாலடியும் தொடையிடுக்கும் மறக்கும் இடங்கள்.

எப்போது பார்த்தது, வேகமாக வளர்கிறதா, அரிக்கிறதா, முன்பு அங்கே காயம் இருந்ததா என்று எழுதவும்.

ஏற்புவலித் தடுப்பூசியின் திகதியைத் தேடவும். இல்லாவிட்டால் அன்றே வைத்தியரிடம் சொல்லவும்.

இலையான் மொய்க்காமல் பார்க்கவும். சுரண்டவோ, கட்டவோ, பூசவோ வேண்டாம்.

மெதுவாக இருக்கும் கட்டியானால் மாதம் ஒருமுறை அதே தூரத்திலிருந்து அதே காசோடு படம். வாரக்கணக்கில் பெருத்தால் காத்திருக்க வேண்டாம்.

*

நாம் ஒரு வகையில் கொடுத்து வைத்தவர்கள். தீவிலுள்ள ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. அலவத்துகொடையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாக இறங்கிக் கண்டியைத் தாண்டினால் போய்விடலாம். நெடுந்தீவுக்காரருக்கு முதலில் படகு, பிறகு யாழ்ப்பாணம், அதன்பிறகு ஏ9 வீதி முழுவதும்.

நெடுந்தீவை நினைக்கக் காரணம் இருக்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை அங்கே காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. மாடுகளோடு ஒரே வெளியில் மேய்கின்றன, ஒரே குட்டையில் குடிக்கின்றன. மாட்டு வைரஸ் குதிரைத் தோலில் என்ன செய்கிறது என்று பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் இந்த நாட்டில் இல்லை. மன்னாரிலும் கற்பிட்டியிலும் திரியும் கழுதைகளும் இதே சார்காய்டுக்கு இரையாகக்கூடியவை; கழுதைகளில் அதிகம் காணப்படும் கட்டியும் அதுதான்.

எனக்கு வேண்டியது ஒரு பதிவேடு. நுவரெலியாவின் மட்டக்குதிரை, பந்தயக் குதிரை, பொலிஸ் குதிரை, நெடுந்தீவின் காட்டுக்குதிரை, மன்னாரின் கழுதை, கண்டிப் பக்கத்து வளவுகளில் ஒன்றிரண்டாக நிற்பவை என எல்லாவற்றிலும் காணும் கட்டிகளைப் படத்தோடும் திகதியோடும் செய்த சிகிச்சையோடும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். குதிரை நிறைந்த நாடுகளில் இது இலட்சக்கணக்கில் ஓடும் வேலை. இங்கே குதிரை குறைவு. இத்தனை காலம் நம் கையில் குதிரை வைத்தியம் வளராமல் போனதற்குக் காரணம் அந்தக் குறைவு. இப்போது ஒன்றுவிடாமல் எண்ணி எழுதி முடிப்பதற்கு அதுவே வசதி. படம் எடுக்க எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பேராதனை முன்வந்து ஒரு படிவம் கொடுத்தால், அக்குறணை நானாவின் குதிரையிலிருந்து தொடங்கலாம். அதன் படங்கள் என்னிடம் இருக்கின்றன, திகதியோடு.